கூரை இல்லாத பேச்சு: அல்சாஸ் மக்களின் ஜெர்மன்

அல்சேஷன் என்றால் நமக்கு நாய்தான் நினைவுக்கு வரும். அது உண்மையில் ஜெர்மன் ஷெப்பர்ட். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் ஜெர்மன் என்ற சொல்லே கசந்துபோனதால், எல்லையோரத்தில் இருந்த அல்சாஸ் பகுதியின் பெயரை அந்த நாய்க்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர்தான் இந்தியாவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாய் அதே நாய்தான்.

அல்சாஸ்காரர்களின் பேச்சுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஜெர்மன் வட்டார வழக்குகளின் குடும்பத்தில் பிறந்த பேச்சு, ஜெர்மன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கி வேறு பெயரில் வாழ்கிறது. அதன் உறவுக்காரர்கள் யார் யார் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அல்சாஸ் பிரான்சின் கிழக்கு விளிம்பு. மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆறு, இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் சமவெளி. நீளம் சுமார் 190 கிலோமீட்டர், அகலம் 50 கிலோமீட்டர். வடக்கில் ஸ்ட்ராஸ்பூர், நடுவில் கோல்மார், தெற்கில் முலூஸ். ஆற்றைக் கடந்தால் ஜெர்மனி. தெற்கே இறங்கினால் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரம்.

இங்கே பேசப்படுவது பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த கலவை என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்சில் இருக்கிறது, ஜெர்மன் போல ஒலிக்கிறது, ஆகவே கலவை என்ற கணக்கு. கணக்கு தப்பு. இலக்கணம், அடிப்படைச் சொற்கள், ஒலிகள் எல்லாமே ஜெர்மானியம். பிரெஞ்சுச் சொற்கள் பிற்பாடு வந்து படிந்தவை. நன்றி சொல்லும் 'மெர்சி', சைக்கிளைக் குறிக்கும் 'வெலோ' போன்றவற்றை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் 'மெர்சி'யில் கடைசி அசையை அழுத்துவார்கள்; அல்சாஸ்காரர்கள் ஜெர்மன் முறைப்படி முதல் அசையை அழுத்துகிறார்கள். வந்த விருந்தாளி வீட்டு வழக்கப்படி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

உண்மையில் சொற்கள் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன. புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஜெர்மனில் 'ஸவர்க்ரவுட்' என்பார்கள். ஸவர் என்றால் புளிப்பு, க்ரவுட் என்றால் கோஸ். அல்சாஸில் இதுவே 'ஸ்யூர்க்ர்யூட்'. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் காதில் வாங்கி, தங்கள் மொழியில் பொருள் வருகிற மாதிரி 'ஷூக்ரூட்' ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் 'ஷூ' என்றால் கோஸ். 'க்ரூட்' என்றால் ரொட்டியின் மேலோடு. ஆக, புளிப்பாக இருந்தது கோஸ் ஆனது, கோஸாக இருந்தது ரொட்டியோடு ஆனது. இன்று பாரிஸ் உணவகங்களில் ஷூக்ரூட் கேட்பவர்களில் பலருக்கு, தாங்கள் பாதி அல்சாஸ் பேச்சைப் பேசுகிறோம் என்பது தெரியாது.

இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. பொது ஜெர்மனில், அதாவது பள்ளியிலும் எழுத்திலும் வரும் ஜெர்மனில், 'அவு' என்று வருவது அல்சாஸில் 'யூ' ஆகிறது. வீடு பொது ஜெர்மனில் 'ஹவுஸ்', அல்சாஸில் 'ஹ்யூஸ்'. இந்த 'யூ'வைத் தமிழில் சரியாக எழுத வழியில்லை. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்துப் பாருங்கள். வருகிற ஒலிதான் அது.

இதைக் கேட்டதும், 'ஹவுஸ்' சரியான உச்சரிப்பு, 'ஹ்யூஸ்' அதன் சிதைவு என்று தோன்றும். வரலாறு தலைகீழாக இருக்கிறது. இடைக்கால ஜெர்மனில் வீட்டுக்கு 'ஹூஸ்' என்றுதான் பெயர். திராட்சை மதுவுக்கு 'வீன்', என்னுடைய என்பதற்கு 'மீன்'. 12ஆம் நூற்றாண்டை ஒட்டி, இன்றைய ஆஸ்திரியா பக்கம் தொடங்கிய ஒரு மாற்றத்தில் ஒற்றை உயிர்கள் இரட்டையாகப் பிரிந்தன: ஹூஸ் ஹவுஸ் ஆனது, வீன் வைன் ஆனது, மீன் மைன் ஆனது. அந்த அலை வடக்கேயும் மேற்கேயும் பரவியது, ஆனால் தென்மேற்கு மூலையைத் தொடவில்லை. ஸ்விட்சர்லாந்தில் இன்றும் 'ஹூஸ்' அப்படியே இருக்கிறது. அல்சாஸ் அந்த 'ஊ'வைக் கொஞ்சம் முன்னால் தள்ளி 'ஹ்யூஸ்' என்கிறது. ஸ்ட்ராஸ்பூரில் மது அருந்தி உணவு உண்ணும் சிறு விடுதிக்கு 'வின்ஷ்டுப்' என்று பெயர். பொது ஜெர்மனில் அது 'வைன்ஷ்டுபெ'. மாறாமல் நின்றவரைப் பார்த்து மாறியவர் 'உன் பேச்சு கொச்சை' என்று சொல்வது இங்கேயும் நடக்கிறது.

சரி, உயிரெழுத்துக் கதை போதும். உறவுமுறை கண்டுபிடிக்க இன்னும் நல்ல கருவி மெய்யெழுத்துகள்.

ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் ஆப்பிள், வாட்டர், மேக். பொது ஜெர்மனில் ஆப்ஃபெல், வாஸ்ஸர், மாஃகென். ஆயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய நிலப்பரப்பின் தெற்கில் 'ப்', 'ட்', 'க்' என்ற வல்லொலிகள் இளகி, காற்று உரசும் ஒலிகளாக மாறத் தொடங்கின. ஆங்கிலம் அதற்குள் கடல் தாண்டிப் போய்விட்டதால் தப்பித்துக்கொண்டது. ஜெர்மனியின் வடகோடி வழக்குகளும் மாறவில்லை. அங்கே இன்றும் வாட்டர், மாக்கென், அப்பெல்தான். தெற்கே போகப் போக மாற்றம் கூடிக்கொண்டே போகும். எந்த ஊரில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் கோடு கிழித்தால், அந்த ஊர்ப் பேச்சு எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

அல்சாஸ் இந்தக் கோடுகளுக்குக் குறுக்கே நெடுக்காக நிற்கிறது. அதனால் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு பயணம் போனாலே ஜெர்மன் வழக்குகளின் பாதி மாதிரிகள் கிடைத்துவிடும்.

வடமேற்கு மூலையில் 'வளைந்த அல்சாஸ்' என்று ஒரு பகுதி. அங்கே ஆப்பிளுக்கு 'அப்பெல்', பவுண்டுக்கு 'புண்ட்'. இது ரைன் ஃபிராங்கிய வழக்கு. பக்கத்து லொரேன் பகுதியின் பேச்சோடும், ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதிப் பேச்சோடும் சேர்ந்தது. வடகிழக்கு முனையில் விஸம்பூர். அங்கே வீடு 'ஹவுஸ்'; ஹ்யூஸ் இல்லை. ஆகெனோ ஊரை ஒட்டிப் பெரிய காடு ஒன்று இருக்கிறது. அதற்கு வடக்கே உள்ள பகுதிக்கு 'காட்டுக்கு அப்பால்' என்றே பிரெஞ்சில் பெயர். பேச்சு மாறுவதும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

காட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் அலெமானிக் நிலம். ஸ்ட்ராஸ்பூர், கோல்மார், முலூஸ் எல்லாம் இதற்குள். பொதுவாக 'அல்சேஷன்' என்று சொல்லும்போது மனத்தில் இருப்பது இந்தப் பேச்சுதான். இதற்குள்ளும் வேற்றுமை உண்டு. 'சொல்' என்ற வினை பொது ஜெர்மனில் 'ஸாகென்'. ஸ்ட்ராஸ்பூரில் 'ஸாவெ', முலூஸில் 'ஸாகா'. வடக்கே 'எ'யில் முடிகிற சொற்கள் தெற்கே 'ஆ'வில் முடியும். முலூஸ்காரர்களின் வாயில் அவர்கள் ஊர்ப் பெயரே 'மில்ஹ்யூஸா'. ஒருவர் நாலு வார்த்தை பேசினால் போதும், ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னும் தெற்கே, ஸ்விஸ் எல்லையை ஒட்டிய சுண்ட்காவ் பகுதியின் கோடியில் மறுபடி ஒரு மாற்றம். குழந்தைக்குப் பொது ஜெர்மனில் 'கிண்ட்'. இங்கே சொல்லின் முதலில் வரும் 'க்'கூட இளகி, நம் ஆய்த எழுத்தைத் தொண்டையில் உரசுகிற மாதிரி 'ஃகிண்ட்' ஆகிவிடும். ஸூரிச்சிலும் பெர்னிலும் கேட்கும் அதே ஒலி. மொழியியலாளர்கள் இந்தக் கோட்டுக்கு சுண்ட்காவ்–போடன்ஸே தடுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பாசெல் ஸ்விட்சர்லாந்தில் இருந்தாலும் அந்நகரத்தின் பழைய பேச்சு 'கிண்ட்' என்றே சொல்கிறது. நாட்டால் ஸ்விஸ், நாக்கால் அல்சாஸின் அக்கம்பக்கம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்ட்ராஸ்பூர் பேச்சை 'கீழ் அலெமானிக்' என்பார்கள், ஸூரிச் பேச்சை 'மேல் அலெமானிக்' என்பார்கள், ஸ்விஸ் மலைப்பகுதியான வாலிஸில் பேசுவது 'உச்ச அலெமானிக்'. இதில் மட்டம், உயர்வு ஒன்றும் இல்லை. நிலம் எவ்வளவு உயரம் என்பதே கணக்கு. ஆல்ப்ஸ் மலை தெற்கே இருப்பதால் தெற்கு 'மேல்', வடக்கு 'கீழ்'. அதனால்தான் 'மேல் ரைன்' மாவட்டம் வரைபடத்தில் கீழேயும், 'கீழ் ரைன்' மாவட்டம் மேலேயும் இருக்கிறது. முதல் முறை பார்ப்பவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று பதறுவது இயல்பு.

அலெமானிக் என்ற பெயர் அலெமான்னி என்ற பழைய ஜெர்மானியக் குழுவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மனி முழுவதையும் 'அல்மாஞ்' என்று அழைப்பதும் இவர்களை வைத்துத்தான். ஃபிராங்கிய வழக்கின் பெயர் ஃபிராங்க் என்ற இன்னொரு ஜெர்மானியக் குழுவிலிருந்து. பிரான்ஸ் என்ற நாட்டின் பெயரே அவர்கள் கொடுத்தது. ஆக, பிரான்சுக்குப் பெயர் தந்த குழுவும் ஜெர்மனிக்குப் பிரெஞ்சில் பெயர் தந்த குழுவும் அல்சாஸில் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள்.

இனி உறவினர் பட்டியல். மிக நெருங்கியவர் ரைனின் எதிர்க்கரையில் இருக்கும் பாடென் பகுதிக்காரர். ஸ்ட்ராஸ்பூருக்கு நேர் எதிரே இருக்கும் கேல் ஊரின் பழைய பேச்சும் ஸ்ட்ராஸ்பூர்ப் பேச்சும் உடன்பிறப்புகள். ஆறு இந்தப் பேச்சைப் பிரிக்கவில்லை. பழங்காலத்தில் ஆறு வழியாகத்தான் சொற்கள் பயணம் செய்தன. அப்புறம் ஸ்விஸ் ஜெர்மன், அண்ணன் தம்பி முறை. ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபியன், ஒன்றுவிட்ட சகோதரர்: அலெமானிக் குடும்பம்தான், ஆனால் வீட்டை இரட்டை உயிரோடு சொல்வார். ஆஸ்திரியாவின் மேற்கு முனையான ஃபோரார்ல்பெர்க்கும் இதே குடும்பம். 'இருந்தேன்' என்பதற்கு அலெமானிக்காரர்கள் 'க்ஸி' அல்லது 'க்ஸின்' என்பார்கள். பொது ஜெர்மனில் அது 'கெவேஸென்'. இந்த ஒற்றைச் சொல்லை வைத்தே மற்ற ஆஸ்திரியர்கள் ஃபோரார்ல்பெர்க்காரர்களை 'க்ஸிபெர்கர்' என்று கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி அல்சாஸ்காரர்களுக்கும் பொருந்தும்.

கடல் தாண்டிய உறவும் உண்டு. அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்குப் பெயர் தந்த யாக்கோப் அம்மான், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்சாஸின் சாந்த்-மாரி-ஓ-மீன் பக்கம் வாழ்ந்தவர். அமெரிக்காவில் பெரும்பாலான அமிஷ் மக்கள் பேசும் 'பென்சில்வேனியா டச்சு' ஃபால்ஸ் வழக்கை ஒட்டியது. ஆனால் இண்டியானா மாநிலத்தின் ஆலன் கவுன்டி அமிஷ் மக்கள் அல்சாஸ் வழக்கையே வீட்டில் பேசுகிறார்கள். டெக்சாஸில் 1844இல் ஆன்ரி காஸ்ட்ரோ என்பவர் குடியேற்றிய காஸ்ட்ரோவில் ஊரிலும் பல தலைமுறைகள் இந்தப் பேச்சு ஒலித்தது.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வி எழ வேண்டும். வடக்கே ஃபிராங்கியம், நடுவே கீழ் அலெமானிக், தெற்கே மேல் அலெமானிக். ஒவ்வொன்றும் எல்லை தாண்டித் தொடர்கிறது. அப்படியானால் 'அல்சேஷன்' என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது? கறாராகச் சொன்னால், ஒலிகளையும் இலக்கணத்தையும் மட்டும் பார்த்தால் இல்லை. அந்த வட்டத்தைப் போட்டது அரசியல் எல்லை.

ஆனால் அந்த வட்டம் பொய்யும் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள ஜெர்மன் மொழியியலில் அழகான சொல் ஒன்று இருக்கிறது: 'கூரையற்ற வழக்கு'. வட்டார வழக்குகள் பொதுவாக ஒரு எழுத்து மொழியின் கூரைக்குக் கீழே வாழும். வீட்டில் ஒன்று பேசுவோம், பள்ளியிலும் செய்தித்தாளிலும் இன்னொன்றைப் படிப்போம். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது நமக்குப் புதிதில்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும். பாடென்காரர் வீட்டில் அலெமானிக் பேசி, பள்ளியில் பொது ஜெர்மன் படிக்கிறார். ஸ்விஸ்காரரும் பொது ஜெர்மன் படிக்கிறார். ஆனால் அங்கே பேராசிரியரும் பேருந்து ஓட்டுநரும் வீதியில் வழக்கில்தான் பேசுவார்கள், அதில் கூச்சமே இல்லை. லக்சம்பர்க் வேறு வழி எடுத்தது: தன் ஃபிராங்கிய வழக்கையே 1984இல் சட்டப்படி தேசிய மொழி ஆக்கிக்கொண்டது. அல்சாஸ்காரர் வீட்டில் அலெமானிக் பேசிவிட்டுப் பள்ளிக்குப் போனால் அங்கே பிரெஞ்சு. கூரை வேறு வீட்டுடையது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. ஜெர்மன் எழுத்தின் பழைய வீடுகளில் ஒன்று அல்சாஸ். 9ஆம் நூற்றாண்டில் விஸம்பூர் மடத்துத் துறவி ஓட்ஃப்ரீட் இயேசுவின் வாழ்க்கையை ஜெர்மன் செய்யுளாக எழுதினார். பெயர் தெரிந்த முதல் ஜெர்மன் கவிஞர் அவர்தான். 1466இல் ஜெர்மன் மொழியில் முதல் பைபிள் அச்சானது ஸ்ட்ராஸ்பூரில். 1605இல் யோஹான் கரோலுஸ் அங்கே தொடங்கிய ஜெர்மன் வார இதழை உலகின் முதல் செய்தித்தாள் என்கிறார்கள்.

1681இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி ஸ்ட்ராஸ்பூரைப் பிடித்தார். மன்னருக்கு வரி வந்தால் போதும். மக்கள் எந்த மொழியில் முணுமுணுக்கிறார்கள் என்பது பற்றிப் பெரிய கவலை இல்லை. கவலைப்பட்டது பிரெஞ்சுப் புரட்சி. குடியரசு என்றால் ஒரே மொழி என்ற எண்ணம் வந்தது. 1794இல் பாரேர் என்ற தலைவர், குடியரசின் மீதான வெறுப்பு ஜெர்மன் பேசுகிறது என்று மன்றத்தில் முழங்கினார்.

1871இல் போரில் வென்ற ஜெர்மனி அல்சாஸை எடுத்துக்கொண்டது. 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் ஹிட்லரின் ஜெர்மனி. போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். 1870இல் பிறந்து 75 வயதைத் தாண்டிய ஒரு கிழவி, வாசற்படி தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் முந்தையவரின் மொழியைத் துடைத்தார்கள். நாஜிகள் பிரெஞ்சைத் தடைசெய்தார்கள், ஆட்பெயர், ஊர்ப்பெயர், தெருப்பெயர் எல்லாவற்றையும் ஜெர்மன் ஆக்கினார்கள். 1942 முதல் அல்சாஸிலிருந்தும் பக்கத்து மோஸெல் பகுதியிலிருந்தும் சுமார் 1,30,000 இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்த்தார்கள்.

வழக்குக்கு விழுந்த மிகப்பெரிய அடி என்று நான் நினைப்பது இதற்குப் பின் வந்ததைத்தான். நாஜி ஆட்சி முடிந்ததும் ஜெர்மன் போல ஒலிக்கும் எதுவும் வெட்கத்துக்கு உரியதாகிவிட்டது. 'பிரெஞ்சு பேசுவது நாகரிகம்' என்ற சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பள்ளியில் வழக்கைப் பேசிய பிள்ளைகள் தண்டனை வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோர் ஆனபோது, தம் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் பேசினார்கள். யாரும் தடைச்சட்டம் போட்டு ஒரு பேச்சை இவ்வளவு விரைவாகக் குறைத்திருக்க முடியாது. கால்பந்துப் பயிற்சியாளர் அர்சேன் வெங்கர் 1949இல் பிறந்து, ஸ்ட்ராஸ்பூர் பக்கத்து டுட்லென்ஹைம் கிராமத்தில் இந்த வழக்கிலேயே வளர்ந்தவர். அவர் தலைமுறைக்கு அது ஊர்ப்பேச்சு. அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அது தாத்தா பாட்டியின் பேச்சு.

2012இல் எடுத்த கணக்கெடுப்பில் அல்சாஸ் மக்களில் 43 சதவீதம் பேர் வழக்கைப் பேசத் தெரியும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் அது 3 சதவீதம்.

எழுதுவதிலும் சிக்கல். கூரையே இல்லாதபோது எந்த எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுவது? பொது ஜெர்மனைத்தான் எழுத்து வடிவமாகக் கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. 1985இல் அல்சாஸின் கல்வித்துறைத் தலைவர் தந்த வரையறையும் அதுவே: வட்டார மொழி என்பது அல்சாஸ் வழக்குகள், அவற்றின் எழுத்து வடிவம் ஜெர்மன். மொழியியல்படி இதில் பிழையில்லை. ஆனால் 'நாங்கள் ஜெர்மன் இல்லை' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களுக்கு இது தொண்டையில் சிக்குகிறது. பேசுவதை அப்படியே எழுதுவோம் என்பது மறு கட்சி. அவர்களுக்காக 2000களில் 'ஓர்த்தால்' என்ற முறை வந்தது. எல்லோருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத் திணிக்காமல், ஸாவெ சொல்பவர் ஸாவெ என்றும், ஸாகா சொல்பவர் ஸாகா என்றும் ஒரே விதிகளின்படி எழுத வழிசெய்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பாடப்புத்தகம் அச்சிடுகிறவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

சட்டத்தில் பிரான்ஸ் இறங்கி வரவில்லை. சிறுபான்மை மொழிகளைக் காக்கும் ஐரோப்பிய ஒப்பந்தத்தை உருவாக்கிய ஐரோப்பிய கவுன்சிலின் தலைமையகம் இருப்பது ஸ்ட்ராஸ்பூரில்தான். பிரான்ஸ் அதில் 1999இல் கையெழுத்துப் போட்டது, நடைமுறைக்குக் கொண்டுவரும் ஒப்புதலை மட்டும் இன்றுவரை தரவில்லை. ஊர் மட்டத்தில் சில மாற்றங்கள் உண்டு. 1991இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய இருமொழிப் பள்ளிகள் நடக்கின்றன. ஸ்ட்ராஸ்பூரின் பழைய நகரத் தெருப் பலகைகளில் மேலே பிரெஞ்சும் கீழே வழக்கும் இருக்கின்றன.

2017 முதல் ஸ்ட்ராஸ்பூர் டிராம் ரைன் பாலத்தைக் கடந்து கேல் வரை போகிறது. கேல் கடைக்காரரும் ஸ்ட்ராஸ்பூர்ப் பாட்டியும் அவரவர் வழக்கில் பேசிச் சாமான் வாங்கிக்கொள்ள முடியும். பாட்டியின் பேரன் அதே கடையில் பள்ளியில் படித்த ஜெர்மனையோ ஆங்கிலத்தையோ எடுத்துவிடுவான். ஸ்ட்ராஸ்பூரை ஒட்டி ஷில்டிகைம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பலகையிலும் ரயில் நிலையத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும். போனால் வயதான ஒருவரிடம் அந்த ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்லும் பெயர் 'ஷில்லிகெ' என்று இருந்தால், வழக்கு இன்னும் வாயில் இருக்கிறது.